ஒரு கையால் புரட்ட ஒரு வேதப்புத்தகம்: பெரிய எழுத்துப் பதிப்பு எப்படி இருக்கிறது?

முதலில் மதிப்பெண். ஐந்துக்கு மூன்றரை. கண்ணுக்கு ஐந்து, கைக்கு இரண்டு, கூட்டிப் பாதியாக்கினால் அதுதான் வருகிறது. நடத்துநர் வேலை பார்த்தவன், கணக்கு பிசகாது.

நான் சொல்வது தமிழ் வேதாகமத்தின் பெரிய எழுத்துப் பதிப்பு. நம் சபைகளில் எல்லாரும் வைத்திருக்கும் அதே பழைய மொழிபெயர்ப்பு. கறுப்பு அட்டை, சுற்றிலும் ஜிப், அடையாளத்துக்கு ஒரு நாடா. பாளையங்கோட்டையில் ஊசிக்கோபுரத்துப் பக்கம் ஒரு கடையில் என் மகள் வாங்கி வந்தாள். விலையைக் கேட்டால் சொல்லவில்லை. ஒட்டியிருந்த சீட்டையும் கிழித்துவிட்டுத்தான் கொடுத்தாள். கண் சரியில்லாதவர்களுக்கு ஏற்ற புத்தகம் என்று கடையில் சொன்னார்களாம். பொய்யில்லை. ஆனால் கண் சரியில்லாத ஆளுக்குப் பெரும்பாலும் வேறு ஏதாவதும் சரியில்லாமல்தான் இருக்கும். அந்த ஆளை நினைத்து இதைச் செய்யவில்லை என்பதுதான் என் குறை.

என் நிலைமையைச் சொன்னால் குறை புரியும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவன். பெரும்பாலும் திருநெல்வேலி - திருச்செந்தூர் தடம். சர்க்கரை நோய் சிறுநீரகம் இரண்டையும் தின்றுவிட்டது. வாரத்துக்கு மூன்று முறை, தடவைக்கு நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இடது முன்கையில் ஃபிஸ்டுலா என்று தமனியையும் சிரையையும் அறுவை செய்து இணைத்திருக்கிறார்கள். அதில் இரண்டு ஊசி. ஒன்று ரத்தத்தை இயந்திரத்துக்கு எடுத்துப் போகும், மற்றது சுத்தமான ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும். நான்கு மணி நேரமும் அந்தக் கை அசையக் கூடாது. ஆக, எனக்கு மிச்சம் ஒரு கை. சர்க்கரை கண்ணையும் சும்மா விடவில்லை. லேசர் வைத்த பிறகும் சின்ன எழுத்து எறும்பு ஊர்வதாகத்தான் தெரிகிறது.

இப்போது புத்தகத்துக்கு வருகிறேன். எழுத்து அருமை. நாளிதழ் எழுத்தைவிடப் பெரிது, கறுப்பும் நல்ல அழுத்தம். வசன எண்கள் தனியாகத் தெரிகின்றன. வரிக்கு வரி இடைவெளி தாராளமாக இருப்பதால், கண் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகும்போது வழி தவறுவதில்லை. டயாலிசிஸ் அறையின் குழல்விளக்கு வெளிச்சத்தில்கூடக் கண்ணாடி இல்லாமல் சங்கீதத்தின் (வேதத்தில் உள்ள ஜெபப்பாட்டுகள்) தலைப்பை வாசித்துவிடுகிறேன். பழைய மொழிபெயர்ப்பையே வாங்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 1871ல் ஹென்றி பவர் ஐயர் (போதகரை நாங்கள் ஐயர் என்போம்) தலைமையிலான குழு முடித்துக் கொடுத்த நடை அது. இன்றைக்கு யாரும் அப்படிப் பேசுவதில்லை, சரி. ஆனால் மெஞ்ஞானபுரத்தில் ஞாயிறு பள்ளிக்குப் போன காலத்திலிருந்து காதில் விழுந்த நடை. கண் பாதி வரியைப் பிடித்தால் மீதியை நாக்கு தானே சொல்லிவிடும். இந்த வசதி புது மொழிபெயர்ப்பில் எனக்குக் கிடைக்காது.

அடுத்தது கனம். டயாலிசிஸுக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பார்கள். உடம்பில் எவ்வளவு நீர் சேர்ந்திருக்கிறது, எவ்வளவு இறக்க வேண்டும் என்பதற்கு அதுதான் கணக்கு. ஒருநாள் எனக்குப் பார்த்து முடித்த கையோடு புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு ஏறினேன். ஏறக்குறைய இரண்டு கிலோ கூடுதலாகக் காட்டியது. "ஐயா, வேதத்தையும் சேர்த்து இறக்கவா?" என்று சிஸ்டர் கேட்டார். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவே என் உடம்பில் நீர் ஏறலாம் என்று டாக்டர் அனுமதித்திருக்கும் அளவும் கிட்டத்தட்ட அதேதான்.

ஃபிஸ்டுலா வைத்தவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, அதன்மேல் எதையும் அழுத்தக் கூடாது, அதில் ரத்த அழுத்தம் பார்க்கவும் விடக் கூடாது. வீட்டில் படுத்துக்கொண்டு இரண்டு கையாலும் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் பிடித்துப் படிப்பது நமக்குச் சரிப்படாது. சாப்பாட்டு மேசையில், அல்லது தலையணைமேல் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

தாள் இன்னொரு தொல்லை. வேதத்தின் உட்புத்தகங்களான அறுபத்தாறு ஆகமத்தையும் பெரிய எழுத்தில் ஒரே கட்டில் அடக்க வேண்டுமென்றால் தாளை மெல்லியதாகத்தான் போட முடியும், புரிகிறது. ஆனால் ஓரத்தில் பூசிய பொன்வண்ணத்தால் புதிதில் நாலைந்து தாள் ஒன்றாக ஒட்டிக்கொள்கின்றன. பழைய டிக்கெட் கட்டுகளை இடது கையில் வைத்து, ஓடுகிற பஸ்ஸில், ஒரு கட்டைவிரலால் ஒரே ஒரு டிக்கெட்டைக் கிழித்தவன் நான். ஒன்றுக்கு இரண்டாகக் கிழித்தால் நம் சம்பளத்தில் போகும். அந்த விரலாலேயே இந்தத் தாளை ஒன்று ஒன்றாகப் பிரிக்க முடியவில்லை. ஏசாயாவைத் தேடினால் எரேமியா வருகிறது. எச்சில் தொடலாம் என்றால், நாக்கில் எச்சில் ஏது?

ஜிப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு கையால் அதைத் திறந்து பாருங்கள்.

ஆனால் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஆதியாகமத்தையோ வெளிப்படுத்தின விசேஷத்தையோ திறந்து வைத்தால் புத்தகம் ஒரு பக்கம் சாய்ந்து தானே மூடிக்கொள்ளும். நடுவில் இருக்கும் சங்கீதத்தைத் திறந்தால் மட்டும் இரண்டு பக்கமும் சமமாகி, கை வைக்காமலேயே மேசையில் படுத்துக் கிடக்கும். நோயாளிக்கு அதிகம் வேண்டிய பகுதி அதுதானே. அச்சடித்தவர்கள் நினைத்துச் செய்ததல்ல, ஆகமங்களின் வரிசை அப்படி. இதற்காகவே கைக்கு ஒன்று போடாமல் இரண்டு போட்டேன்.

அப்படித் தானே திறந்து கிடந்த பக்கங்களில்தான் இருபத்திரண்டாம் சங்கீதத்தை மறுபடி பார்த்தேன். "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது; என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது." எங்களுக்குத் தண்ணீர் அளந்துதான். குழம்பும் மோரும் மாத்திரைக்குக் குடிக்கும் வாய்த் தண்ணீரும் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. இளநீர் வேண்டவே வேண்டாம், அதில் பொட்டாசியம். சித்திரை மாசத்துத் திருநெல்வேலி வெயிலில் அந்த அளவோடு இருந்து பார்த்தால் இந்த வசனத்துக்கு வியாக்கியானம் எதுவும் தேவைப்படாது.

பெரிய வெள்ளி மும்மணி ஆராதனையில் தியானிக்கும், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளில் ஐந்தாவது, "தாகமாயிருக்கிறேன்". சிறுவயதிலிருந்து கேட்ட பிரசங்கங்களில் பலவும் அதை ஆத்தும தாகம் என்றே கொண்டுபோகும். இருக்கட்டும். ஆனால் சிலுவையில் ரத்தம் போய், வெயிலில் கிடந்த ஒரு மனிதன் தண்ணீர் கேட்கிறார் என்றே நான் இப்போது வாசிக்கிறேன். அவர் அதைக் கேட்டிருக்கிறார் என்பது, என் சொம்புக்குக் கோடு போட்டு வைத்திருக்கும் வீட்டில் எனக்குப் பெரிய துணை. தாகம் தீரவில்லை. ஆனால் தாகம் அவருக்குத் தெரியும்.

புத்தகத்தை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். நோயாளி வீட்டுக்கு வருகிறவர்கள் கொண்டுவரும் மற்றப் பொருள்களையும் இதோடு ஒப்பிட்டால்தான் இதன் மதிப்பு தெரியும். எங்கள் வீட்டுக்கு அதிகம் வந்தது வாக்குத்தத்தப் பெட்டி. ரொட்டி வடிவத்தில் சின்ன பிளாஸ்டிக் பெட்டி, உள்ளே தேவனுடைய வாக்குறுதி வசனங்கள் அச்சடித்த வண்ண அட்டைகள், தினம் ஒன்று எடுத்து வாசிக்கலாம். ஒரு கைக்கு இதைவிட வசதியான பொருள் இல்லை. வசதிக்கு ஐந்துக்கு ஐந்து. சரக்குக்கு இரண்டு.

ஏன் என்றால், அதில் வருவதெல்லாம் இனிப்பு. எரேமியா 29:11 எப்போதும் இருக்கும்: "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே." அதற்கு முந்தைய பத்தாம் வசனத்தை அட்டையில் போடமாட்டார்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் அதெல்லாம் என்கிறது அது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அதைக் கேட்டவர்களில் பலர் அதற்குள் கண்ணை மூடியிருப்பார்கள். பிலிப்பியர் 4:13ம் அப்படியே: "என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு." பரீட்சைக்குப் போகிற பிள்ளைகள் முதல் கடை திறக்கிறவர் வரைக்கும் இதை ஒட்டி வைக்கிறார்கள். அப்போஸ்தலன் பவுல் அதைக் காவலில் கட்டப்பட்டவராகக் கிடந்து எழுதினார். முந்தைய வசனத்தில் பட்டினியாயிருக்கவும் குறைவுபடவும் போதிக்கப்பட்டேன் என்கிறார். அந்த "எல்லாவற்றையும்" என்பதில் பட்டினியும் அடக்கம். முழுப் புத்தகத்தை வைத்திருப்பதன் லாபம் இதுதான், முந்தைய வசனமும் கூடவே இருக்கும்.

இரண்டு கிலோவைப் பொறுத்துக்கொண்டு நான் அடிக்கடி தேடிப் போகும் பக்கம் 1 இராஜாக்கள் 19. எலியா தீர்க்கதரிசி ஒரு பெரிய வெற்றிக்குப் பிறகு உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, "போதும் கர்த்தாவே" என்கிறார். என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்கிறார். டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில், ரத்த அழுத்தம் இறங்கி, கெண்டைக்கால் சுருட்டிப் பிடித்து, நெஞ்சு வரை வாந்தி வந்து நின்ற நாள்களில் நானும் இதே ஜெபத்தைப் பண்ணியிருக்கிறேன். கொஞ்சம் மட்டமான தமிழில்.

அதற்கு என்ன பதில் வருகிறது பாருங்கள். கடிந்துகொள்ளவில்லை. விசுவாசம் போதாது என்று சொல்லவில்லை. தூதன் தட்டியெழுப்பி, எழுந்திருந்து போஜனம்பண்ணு என்கிறான். தழலில் சுட்ட அடை, ஒரு பாத்திரத்தில் தண்ணீர். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறார்! தூதன் இரண்டாந்தரமும் வந்து தட்டுகிறான்: "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்." அவ்வளவுதான். தூக்கம், சாப்பாடு, தண்ணீர், அப்புறம் பிரயாணம். வழியில் மயங்கி விழுந்த பயணிக்குத் தண்ணீர் தெளித்து, சோடா வாங்கிக் கொடுத்து உட்காரவைத்த பிறகுதான் எந்த நிறுத்தம் என்று கேட்போம். அந்த முறை எனக்குத் தெரியும். அதனால்தான் இந்த அதிகாரம் எனக்குள் இறங்கிவிட்டது.

டயாலிசிஸை நிறுத்திவிட்டு விசுவாசத்தோடு இருங்கள் என்று சொல்ல வந்த ஒருவரை என் மனைவி வாசலோடு அனுப்பிவிட்டாள். சண்டை எதுவும் இல்லை. "எலியாவுக்கே சாப்பாடு கொடுத்துத்தான் அனுப்பினார் அண்ணே, இவுகளுக்கு மிஷினு" என்றாள். எங்கள் சேகரத்து ஐயர் கேட்டுவிட்டு, இதை நான் பிரசங்கத்தில் எடுத்துக்கொள்ளலாமா என்றார்.

இந்தப் புத்தகத்தின் எழுத்து என் கண்ணுக்கு முன் பளிச்சென்று காட்டும் இன்னொரு இடம் 2 கொரிந்தியர் 12. மாம்சத்தில் ஒரு முள், அது நீங்கும்படி மூன்றுதரம் வேண்டினேன் என்கிறார் பவுல். என் கையில் ஒரே நேரத்தில் இரண்டு. வந்த பதில்: "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்." முள்ளை எடுத்தாரா என்றால் எடுக்கவில்லை. ஆனாலும் கூட்டங்களில் சாட்சி சொல்ல மேடையேறுகிறவர்கள் பலரும் முள் எடுபட்டவர்கள். எடுபடாதவனுக்கு மைக் கிடைப்பது அபூர்வம்.

எனக்கு அந்த வகையில் ஆறுதலாக இருப்பவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் (சி.எம்.சி.) டாக்டர் மேரி வர்கீஸ். 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்துபோனது. இளம் மருத்துவர். நடக்க ஜெபித்திருப்பார், நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை நிமிர்த்தும் அறுவை சிகிச்சைகளைச் செய்தார். அப்புறம் நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்து வந்து அந்தத் துறையையே நடத்தினார். வேலூர் பாகாயத்தில் 1966ல் மறுவாழ்வு மையம் வந்தது. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் இறக்கும்வரை அந்த நாற்காலிதான். இவரைப் பற்றி ஒரு வாக்குத்தத்த அட்டை அச்சடித்தால் நான் காசு கொடுத்து வாங்குவேன்.

சரி, மாற்றுகள். நான் பயன்படுத்திப் பார்த்தவை மட்டும்.

கைப்பேசியில் வேதாகமச் செயலி. இலவசம், எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம், ஒரு கைக்குப் போதும். கை நடுக்கத்தில் விரல் பட்டு வேறு அதிகாரத்துக்குத் தாவும், நடுவில் மின்கட்டண ஞாபகமும் மருமகனின் காலை வணக்கமும் வந்து விழும். திரை வெளிச்சம் ஒரு மணி நேரத்துக்கு மேல் என் கண்ணுக்கு ஆகவில்லை.

ஒலிவடிவம். ரத்த அழுத்தம் இறங்கிக் கண்ணைத் திறக்க முடியாத வேளைக்கு இதற்கு மிஞ்சியது இல்லை. நான் கேட்ட பதிவில் பின்னணி இசை கொஞ்சம் அதிகம். யோபு பேசும்போது பின்னால் இடி இடிக்கிறது. அந்த மனிதர் படுகிற பாட்டுக்கு இடி வேறு வேண்டுமா? ஒரு காதில் மட்டும் மாட்டுங்கள், இயந்திரத்தின் அலாரமும் சிஸ்டர் கூப்பிடுவதும் மற்றக் காதில் கேட்க வேண்டும். லேவியராகமத்தில் தூங்கிவிடுவீர்கள். தூங்கலாம், அதுவும் எலியா செய்ததுதான்.

கிதியோன் சங்கத்தார் இலவசமாகத் தரும் சின்ன புதிய ஏற்பாடு. சட்டைப்பையில் அடங்கும், கனமே இல்லை. என் கண்ணுக்கு எழுத்து போதாது. கண் நன்றாக இருந்து கையில் வலுவில்லாதவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

சங்கீதம் மட்டும் தனிப் புத்தகமாகப் பெரிய எழுத்தில் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். என்னிடம் ஒன்று உண்டு, மெல்லிய அட்டை, நோட்டுப் புத்தக கனம்தான். டயாலிசிஸ் நாற்காலியில் அதுதான் என் மடியில் இருக்கும். பெரிய புத்தகம் வீட்டு மேசையில்.

பக்கத்து நாற்காலியில் மேலப்பாளையத்து பாய் ஒருவர். அவர் கையில் தஸ்பீஹ், அதாவது எண்ணி ஜெபிக்கும் மணிமாலை. ஒரு கை போதும், கண்ணும் வேண்டாம், கனமும் இல்லை. "அண்ணாச்சி, ஒங்க கிதாபுக்குத் தனியா ஒரு சீட்டுப் போடணும் போலிருக்கே" என்பார். உபகரணம் என்ற அளவில் அவருடையதுதான் எங்கள் அறையில் முதல் பரிசு வாங்கும். எனக்குத் தலைசுற்றல் வந்தால் முதலில் சிஸ்டரைக் கூப்பிடுவதும் அவர்தான்.

அச்சடிக்கிறவர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம். இதே எழுத்தில், நாலு பாகமாகப் பிரித்துப் போடுங்கள். நியாயப்பிரமாணமும் சரித்திரமும் எப்படி வேண்டுமானாலும் பிரியட்டும். சங்கீதமும் நாலு சுவிசேஷமும் மட்டும் தனித்தனிப் பாகத்தில், அரைக் கிலோவுக்குள் வரட்டும். பொன்வண்ணம் வேண்டாம். ஜிப் வேண்டாம். தாள் கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கட்டும். அப்படி வந்தால் ஐந்துக்கு ஐந்து போட்டு, என் செலவில் டயாலிசிஸ் அறைக்கு ஒரு கட்டு வாங்கி வைக்கிறேன்.

வாங்கப் போகிறவர்களுக்கு: நோயாளிக்காக வாங்குகிறீர்கள் என்றால் கடையில் நின்றபடி எழுத்தை மட்டும் பார்த்துவிட்டுப் பை கேட்காதீர்கள். ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, புத்தகத்தை மடியில் வைத்து, இடது கையை நாற்காலிக் கையில் அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். வலது கையால் மட்டும் ஜிப்பைத் திறந்து, சங்கீதம் 121ஐ எடுத்துப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். பார்க்கட்டும். ஜிப்பில்லாத அட்டை இருக்கிறதா என்றும் அவரிடமே கேளுங்கள்.